என் பேருக்கு வந்த தபால்

அறுபதுகளில் சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி செய்த இடத்தின் பேரைச் சொல்லப்போவதில்லை. என் வழிகாட்டியின் பேரையும் சொல்லமாட்டேன். மரியாதையால் அல்ல. அவர் பேரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

கரும்பில் வரும் செவ்வழுகல் நோய்தான் என் ஆராய்ச்சி. நோய் கண்ட கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவந்து கிடக்கும், சாராய வாடை அடிக்கும். மேல்பட்டாம்பாக்கத்தில் அப்பா போட்ட கரும்பு தொடர்ந்து இரண்டு பருவம் இதில்தான் போயிற்று. அறுவடைக்குப் பிறகும் அந்தப் பூஞ்சை மண்ணில் எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

கடலூரில் மாமா வீட்டில் தங்கி, தினம் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிப் போய்வந்தேன். உலகத்தில் வெளியாகும் ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களை வருஷவாரியாக அச்சிட்ட தடித்தடித் தொகுதிகள் நூலகத்தில் இருந்தன. கரும்பு, பூஞ்சை, மண் என்று ஒவ்வொரு சொல்லாக, பதினெட்டு வருஷத் தொகுதிகளையும் விரலால் தடவித் தேடினேன். ஆறு வாரம் ஆயிற்று. கடைசியில் நான்கு வரிச் சுருக்கம் ஒன்று கிடைத்தது. நான் கேட்ட அதே கேள்விக்கு எங்கோ ஒரு தீவில் ஒருவர் பதில் எழுதியிருந்தார்.

அந்தக் கட்டுரை வந்த இதழ் எங்கள் நூலகத்திலேயே இருந்தது. ஓடிப்போய் எடுத்தேன். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்துக்கு அடுத்து நூற்றிருபத்தொன்று. நடுவே பிளேடால் சீராக அறுத்திருந்தார்கள். படித்தவன் செய்த வேலை. நூலகர் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "இது எத்தனாவதோம்மா" என்றார்.

கட்டுரையாசிரியருக்கே எழுதிக் கேட்பதுதான் வழி. பிரதி ஒன்று அனுப்பும்படி கார்டு எழுதி, துறையின் முகவரி கொடுத்தேன். நான்கு மாதம் காத்திருந்தேன். முதல் மூன்று மாதம் எங்கள் பியூனிடம் தினமும் போய்க் கேட்டேன், பிறகு கேட்கவே கூச்சமாகி விட்டுவிட்டேன். ஒருநாள் அவரே கேட்டார்:

"ஏம்மா, ஒங்க பேருக்கு வெளிநாட்டுத் தபால் வந்து மூணு வாரமாவுதே. சார் வாங்கிக்கிட்டாரே. தரலியா?"

நேராக வழிகாட்டியின் அறைக்குப் போனேன்.

"ஆமா, வந்துது" என்றார், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலை தூக்காமல். "ஸ்டாம்ப் நல்லாருக்குன்னு எம்பொண்ணுக்கு எடுத்துக்கிட்டேன். கட்டுரைய அந்தப் பையன்கிட்ட குடுத்திருக்கேன்."

அந்தப் பையன் எனக்கு அடுத்த வருஷம் அவரிடமே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவன்.

"என் பேருக்கு வந்த தபால் சார் அது."

"துறைக்கு வந்த தபால். நீ நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிடுவே. அவன் வேலைக்குப் போவணும்."

"ஒங்க பொண்ணுக்கு வர்ற தபாலையும் இப்படித்தான் பிரிப்பாங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் தலை தூக்கினார். வெளியே போகச் சொன்னார்.

போனேன், அந்தப் பையன் உட்கார்ந்திருந்த ஆய்வகத்துக்கு. கட்டுரை அவன் மேசைமேல் விரிந்திருந்தது. முதல் பக்கத்தின் மூலையில் என் பேரை எழுதி, வாழ்த்துச் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தார் அந்த முகம் தெரியாத மனிதர். அதற்குக் கீழே பையன் சிவப்பு மையால் வரிவரியாகக் கோடு போட்டிருந்தான்.

"சார்தாங்க குடுத்தாரு..." என்று எழுந்தான்.

"பேரு போட்டிருக்குதே, படிக்கலியா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டேன். அவன் மறித்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அன்றைக்கு ரயிலில் எட்டுப் பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தேன். கோபத்தில் பாதி மண்டையில் ஏறவில்லை. வீட்டில் மறுபடி படித்தேன்.

அடுத்த நாளே வேண்டிய மற்றக் கட்டுரைகளுக்கெல்லாம் கார்டு போட்டேன், மாமா வீட்டு முகவரியில். மாமா கடலூர் கோர்ட்டில் குமாஸ்தா. இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு உறையும் அப்படியே என் மேசைக்கு வரும். "ஒனக்குத் தபால் வந்திருக்கு. நான் பிரிக்கல" என்பார். முதல்முறை அதைக் கேட்டபோது அழுகை வந்துவிட்டது. மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆய்வேட்டை எழுதி முடித்தேன். வழிகாட்டி ஏழு மாதம் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டு, நன்றியுரையில் தம் பேர் இல்லை என்றார். இல்லைதான். பேரைச் சேர்த்தால் அன்றைக்கே கையெழுத்து என்றார். அப்பாவின் வயலையும், போன வருஷங்களையும் நினைத்துக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'கட்டுரைகளைத் தேடித் தந்து உதவிய' என்று ஒரு சொற்றொடரும் அவரே சேர்த்தார்.

பட்டம் வந்தது. கல்யாணமும் ஆயிற்று, வேலைக்கும் போனேன். அந்த வரி மட்டும் இன்றைக்கும் என் எழுத்தில், என் ஏட்டில், பொய்யாக இருக்கிறது.