வடகடல் வாசலில் ஒரு ஜோடி செருப்பு

புது சிலிண்டர் மாட்டும்போது ஒரு நொடி வாடை வரும். எல்லா வீட்டிலும் வருவதுதான். எனக்கு மட்டும் கை அப்படியே நின்றுவிடும். கடலுக்கு அடியிலிருந்து ஏறி வரும்போது எரிவாயுவுக்கு வாடையே கிடையாது, வீடுகளுக்கு அனுப்பும்போதுதான் அதைச் சேர்க்கிறார்கள் என்று என் மகள் செண்பகம் ஒருமுறை சொன்னாள். அப்படியானால் அங்கே கசிந்தால் எப்படித் தெரியும்? அந்தக் கேள்வியோடுதான் மூன்று வருஷம் படுத்தேன், எழுந்தேன்.

குழல்வாய்மொழி அம்மனுக்கு வெள்ளிதோறும் விளக்கேற்றும் என் சகோதரிகளே, போன கார்த்திகையில் அவள் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது திருட்டு. போலீஸ்காரிக்குத் திருட்டு ஆகாது.

நான் குற்றாலத்தில் ஏட்டம்மா. மெயின் அருவியில் பெண்கள் பக்கம் டூட்டி. தண்ணீர் கூடினால் விசில் ஊதி எல்லாரையும் கரையேற்ற வேண்டும். இப்போதுதானே தலை நனைந்தது என்று கெஞ்சுவார்கள். சிலர் திட்டுவார்கள். எல்லாரும் ஏறிய பிறகு நான் தலைகளை எண்ணுவதில்லை. படி ஓரம் கிடக்கிற செருப்புகளைப் பார்ப்பேன். ஆளில்லாமல் ஒரு ஜோடி கிடந்தால், அந்த வெள்ளைத் தூவானத்துக்குள் இன்னும் ஒருத்தி நிற்கிறாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து எனக்காகக் காத்திருக்கும் செண்பகம் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்: "எங்கம்மாவ கவர்மென்ட்ல செருப்புக்குக் காவல் போட்டுருக்காங்க."

அந்தச் சிரிப்புக்காரிதான் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, மேல்படிப்புக்கு நார்வே போய், அங்கேயே வடகடல் நடுவில் எரிவாயு எடுக்கிற மேடையில் ஆபரேட்டர் ஆனாள். இரும்புக் கால்களில் நிற்கிற ஒரு சின்ன ஊர் அது. நூறு பேர். குளிர்காலத்தில் மேகம் மூடி வாரக்கணக்கில் சூரியன் தலை காட்டாது. அலை தெறித்த இடத்தில் கைப்பிடிக் கம்பியெல்லாம் பனியாக உறைந்துவிடும். இரண்டு வாரம் கடல், நாலு வாரம் கரை. ஹெலிகாப்டர்தான் பஸ்.

பெருமைப்பட்டிருக்க வேண்டும். பயந்தேன். பயத்துக்கு மேல் ஊர்ப் பேச்சு. சுரண்டையிலிருந்து நல்ல சம்பந்தம் ஒன்று வந்தது. பெண் அந்த வேலையை விட்டுவிட வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார்கள். நான் நேரே அம்மன் சன்னிதிக்குப் போனேன். தாயே, அவளை அந்த மேடையிலிருந்து இறக்கிக் கொண்டு வா, பச்சைப் பட்டு சாத்துகிறேன் என்று வேண்டினேன். பிள்ளைக்குத் தெரியாமல் பிள்ளையின் மேலேயே மனு கொடுத்தேன். அவளை ரயிலேற்றும்போதெல்லாம் ஒன்றையே சொல்வேன்: "ஏதாச்சும் ஒண்ணுன்னா யாரையும் பாக்காத. நீ முதல்ல ஓடி வந்துரு."

அன்று வியாழக்கிழமை. மலையில் விடாத மழை. தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. குளிக்கத் தடை. மாலை போட்ட சாமிமார் தூர நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆளில்லாத அருவிக்கு நான் காவல். மதியம் செண்பகம் கூப்பிட்டாள். அங்கே காலை, ஆனாலும் இருட்டு. புயல் அடிக்கிறது, வெளிவேலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள் என்றாள். நான் சுரண்டைப் பேச்சை எடுத்தேன். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர் என்றேன். அவள் பதில் சொல்லுமுன் அந்தப் பக்கம் சைரன் அலறியது.

"எம்மா, கேஸ் அலாரம். வைக்கேன்."

போன் செத்தது. நான் அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக். கால் மணி போனது. ஒற்றை டிக். புயலில் ஹெலிகாப்டர் பறக்காது என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் அது நெஞ்சில் இறங்கியது. நான் கேட்டதுதானே இது? இறக்கு என்றேன். எப்படி இறக்க வேண்டும் என்று சொன்னேனா?

கூட நின்ற கான்ஸ்டபிள் பெண்ணிடம் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு கோவிலுக்கு ஓடினேன். ஐயப்ப சீசன், மதியமும் நடை சாத்தவில்லை. வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டேன். நனைந்த காக்கியோடு அம்மன் முன் நின்றேன். அழுகை வரவில்லை. காது நிறைய அருவி.

"தாயே, முன்ன கேட்டதைத் திரும்ப வாங்கிக்கிடுதேன். அவ அங்கனயே இருக்கட்டும். அந்த மேடையில இருக்க அத்தனை பேரையும் ஒருத்தர் குறையாம எண்ணிக் குடு."

அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள் என்பது மட்டும் அன்றைக்குத்தான் உறைத்தது.

திரும்பி வந்து அருவி முன் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது.

"எம்மா. எல்லாரும் இருக்கோம்."

பிறகு சொன்னாள். அலாரம் அடித்தால் எல்லாரும் ஒரு கூடத்துக்கு வந்து, பலகையில் தொங்கும் தன் பெயர் அட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பினார்கள். கணக்கு சரி. தப்பிக்கும் படகுக்குத் தயாராக நின்றார்கள். வெளியே காற்று நம் அருவி மாதிரியே இரைந்ததாம். அவள் கண் தானாக வாசலுக்குப் போனது. அங்கே உள்ளே நடமாட வீட்டுச் செருப்பு. வெளியே போகிறவர்கள் அதை வாசலில் விட்டு பூட்ஸ் மாட்டிக்கொள்வார்கள். அன்று யாரும் வெளியே போகக் கூடாத நாள். வாசலில் ஒரு ஜோடி நீலச் செருப்பு கிடந்தது.

தலைவரிடம் சொன்னாள். அவர் பலகையைக் காட்டினார். இவள் நகரவில்லை. பலகை சரி, செருப்பு தப்பு என்றாளாம். அவர் வாசலுக்கு வந்து செருப்பைப் பார்த்துவிட்டு, முகமூடி மாட்டிய இரண்டு பேரை வெளியே அனுப்பினார். கிரேன் படிக்கட்டுக்குக் கீழே, கிரேன் ஓட்டுகிற பெரியவர் பனியில் வழுக்கிக் கால் முறிந்து கிடந்தார். அவிழ்ந்து அடித்த தார்ப்பாயைக் கட்டப் போனவர். பின்னாலேயே வருகிறார் என்று நினைத்துக் கூட்டாளி அவர் அட்டையையும் சேர்த்துத் திருப்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குளிரே அவரை எடுத்துக்கொண்டிருக்கும். கசிந்த குழாயையும் அடைத்துவிட்டார்கள். நூறு பேரும் பத்திரம்.

அது எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சொன்னாள். நான் ஷூவைக் கழற்றிய நேரம்.

சுரண்டைக்கு நானே போன் போட்டேன். என் மகள் வேலையை விடமாட்டாள் என்றேன். விலகிக்கொண்டார்கள். போகட்டும். மார்கழியில் அவள் வந்தபோது பச்சைப் பட்டைச் சாத்தினோம். சன்னிதியில் வைத்தே என் பழைய வேண்டுதலை அவளிடம் ஒப்புக்கொண்டேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "உன் மனுவை அம்மன் விசாரிச்சுத் தள்ளுபடி பண்ணிட்டா, பாத்தியா?"

இப்போதெல்லாம் குளிக்க வருகிறவர்கள் மகள் என்ன செய்கிறாள் என்று பேச்சுக்குக் கேட்டாலும் போதும். என் மகள் வடகடலில் ஆபரேட்டர் என்று அருவிச் சத்தத்துக்கு மேலே சொல்கிறேன். சகோதரிகளே, தப்பாகக் கேட்டுவிட்டோமே என்று ஒளியாதீர்கள். அம்மனிடமே போய்த் திருத்திக் கேளுங்கள். பெற்றவள் கோபிக்க மாட்டாள். எண்ணிக் கொடுப்பாள்.

லீவு முடிந்து திரும்பும் அன்று தென்காசி ஸ்டேஷனில் செண்பகம் ரயில் வாசலில் நின்றாள். வழக்கமான வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. விழுங்கினேன். வண்டி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்து சொன்னேன்:

"ஏட்டி, எல்லாரும் உள்ள வந்தாச்சான்னு பாரு. கடைசி ஆளா நீ வா."