முதல் வரிசை, ஸ்பீக்கர் பக்கம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னை ரயில் என்னைப் புனேயில் இறக்கிவிட்டது. டிசம்பர் குளிர். சென்னைக்காரனிடம் ஸ்வெட்டர் ஏது? கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கினேன். தூரத்திலிருந்தே குமரேசன் என் பெயரைக் கத்தினான். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. மெதுவாகப் பேசுவது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

குமரேசன், பாலாஜி, நான் மூவரும் திருச்சியில் படித்தபோது ஒரே விடுதி அறை. பாலாஜி இப்போது புனேயில் விஷ்ராந்த்வாடி பக்கம் இருக்கிறான், கம்ப்யூட்டர் வேலை. குமரேசன் சிஞ்ச்வட்டில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில், தகடுகளை அடித்து வளைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே, சூப்பர்வைசர். இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காதில் மிஷின். அதுவும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துத்தான் புனேயில் ஜாக்கெட்காரரின் கச்சேரி.

ஜாக்கெட்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர். இந்தியிலும் இங்கிலீஷிலும் பாப் பாடிக் கலக்கியவர்; கேசட் அட்டையில் வெள்ளி ஜாக்கெட்டோடு நிற்பார். விடுதியில் எங்களிடம் இருந்ததே அந்த ஒரு கேசட்தான். நாடா சிக்கும்போதெல்லாம் பேனாவைச் செருகிச் சுற்றிச் சுற்றிச் சரிசெய்து கேட்டோம். "காது போறதுக்குள்ள அந்தக் குரலை நேர்ல ஒரு தடவை கேட்டுடணும்டா. நீயும் வா" என்று குமரேசன் போனில் கத்தினான். நான் சொன்ன பதில் அவனுக்குக் கேட்கவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

புனேயிலிருந்து சிஞ்ச்வட் பதினேழு கிலோமீட்டர். லோக்கல் ரயிலில் அரைமணிக்குக் கொஞ்சம் கூட. வீட்டில் அவன் மனைவி விமலா அவனிடம் இந்தியில் பேசினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னம்மா, மதுரைப் பொண்ணு வீட்டுக்குள்ள ஹிந்தியா?"

"பிரஸ் ஷாப் இரைச்சல்ல பேச்சு எங்க கேக்கும்ணா? வாயை மட்டும் அசைப்பாங்க, எல்லாம் ஹிந்தி, மராட்டி. இவருக்கு அந்த வாயசைவுதான் பழக்கம். தமிழ்ல பேசினா பாதி விட்டுப்போகுது. அதான் நானே மாறிக்கிட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான்கரை மணிக்குப் புனே ஸ்டேஷனிலிருந்து கேம்ப் என்ற பகுதிக்கு ஆட்டோ பிடித்தோம். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் ஓட்டுநர் ஏதோ கேட்டார். எனக்கு இந்தி சுத்தம். குமரேசன் கண்ணாடியில் அவர் வாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "அந்தக் கெழவன் இன்னும் இருக்கானான்னு கேக்கறாருடா!" இறங்கும்போது மீட்டரில் ஒரு தொகை, அவர் நீட்டிய கட்டண அட்டையில் அதைப்போலப் பல மடங்கு. இங்கே அதுதான் வழக்கமாம்.

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. பாலாஜி முன்கூட்டியே வந்து முதல் வரிசையில், ஸ்பீக்கர் பக்கமாக இடம் போட்டிருந்தான். இருட்டுகிற நேரத்தில் ஜாக்கெட்காரர் வந்தார். அதே வெள்ளி ஜாக்கெட், உள்ளே ஆள்தான் பாதியாக இளைத்திருந்தார். ஆனால் குரல்! அப்படியே கேசட்டில் கேட்டது. குமரேசன் மிஷினை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதான். "கேக்குதுடா! நல்லாக் கேக்குது!"

நான்காவது பாட்டு ஓடும்போது திடீரென்று எழுந்தான். "குர்ஸி! உன்கோ குர்ஸி தோ!" என்று மேடையைப் பார்த்துக் கத்தினான். பின்வரிசைகள் சிரித்தன. "பைட்டோ! பைட்டோ!" என்று அவனை உட்காரச் சொல்லிக் கத்தின. குர்ஸி என்றால் நாற்காலி என்பது மட்டும் எனக்கே தெரியும். நாற்காலியில் இருந்து எழுந்தவன் நாற்காலி கேட்கிறானே, என்ன ஆச்சு இவனுக்கு என்று எனக்கு மானமே போனது. பாலாஜி தன் காதைத் தொட்டுக் காட்டி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். நாங்கள் இருவரும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தோம்.

அடுத்த பாட்டின் பாதியில் ஜாக்கெட்காரரின் முழங்கால் மடங்கியது. டிரம்ஸ் வைத்திருந்த சின்ன மேடையின் ஓரத்தில் சரிந்து உட்கார்ந்தார். மைக் உருண்டது. குரல் மட்டும் நிற்காமல், மூச்சு வாங்காமல் பாடிக்கொண்டே இருந்தது. யாரோ ஓடிப்போய் அதை அணைத்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார் என்று மைக்கில் சொன்னார்கள். வரவில்லை. கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது.

வெளியே டீக்கடையில் குமரேசன் கேட்டான். "அவர் வாயசைவைப் பார்த்தேன்டா. பாட்டுக்கு நடுவுல டிரம்ஸ்காரனைப் பார்த்து குர்ஸி, குர்ஸின்னு கெஞ்சிட்டே இருந்தார். சரி, அது போகட்டும். கீழ உக்காந்த பிறகும் பாட்டு கேட்டுச்சே. ஸ்பீக்கர்லயா, என் காதுக்குள்ளயா?"

பாலாஜி யோசிக்கவே இல்லை. இந்தியில் என்னவோ சொல்லி, அவன் காதைத் தொட்டுக் காட்டினான். உன் காதுக்குள்தான் என்கிறான் என்று எனக்கே புரிந்தது.

குமரேசன் டம்ளரைக் கீழே வைத்தான். "அப்ப அவ்வளவுதான். சத்தம் தானா வர ஆரம்பிச்சா மிச்சமும் போகப்போகுதுன்னு அர்த்தம்னு டாக்டர் சொன்னார்." மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அவன் கை கழுவப் போனதும் பாலாஜியைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? நீ கேட்டது டேப்புன்னா? ஆசையில மண்ணைப் போடச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குமரேசன் மிஷினைப் போடவில்லை. எது சொன்னாலும் தலையாட்டினான். மாலை ஆறு மணிக்குச் சென்னை வண்டி. பிளாட்பாரத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அது டேப்புடா" என்றேன். தலையாட்டினான். மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே தலையாட்டல். பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இல்லாத கேசட் ஒன்றில் அதைச் செருகி, சுற்றிச் சுற்றிக் காட்டினேன்.

அவன் என் கையையே பார்த்தான்.

"டேப்பா?" பிளாட்பாரம் மறுபடியும் திரும்பிப் பார்த்தது. "அப்ப என் காதுல ஒண்ணும் இல்ல?" ஒரு கணம் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "அப்ப அவர் குரலை நான் கேக்கவே இல்ல."

பேனாவைப் பைக்குள் போட்டேன்.

"குர்ஸின்னது மட்டும் டேப்புல இல்லடா. அது ஒண்ணுதான் அவரே சொன்னது. அதைக் கேட்டவன் நான் ஒருத்தன். என்னையும் இழுத்து உக்காரவெச்சுட்டீங்க."

வண்டி நகர்ந்தது. ஏறிக்கொண்டேன்.

சென்னையில் கச்சேரி சீசன். அந்த வாரமே ஒரு சபாவுக்குப் போனேன். எங்கள் ஊரில் பாடுகிறவர்களை மேடையில் சம்மணம் போட்டு உட்காரவைத்துத்தான் பாடச் சொல்கிறோம். எல்லோரும் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாடகர் உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.