இடுப்பளவு உயரம்

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையை உருவி எடுத்து, அதில் விழுந்திருக்கும் சொட்டை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், "மறுபடியுமா?" என்று திட்ட ஆரம்பிக்கிறாள் அக்கா. பல் துலக்குவதற்கும் முந்தைய வேலை இது. கருப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பாக இருந்தால் ஸ்டியரிங் ஆயில். நிறமில்லாமல் வழவழத்தால் பிரேக் ஆயில். அன்றைக்கு வண்டி நகராது. இன்று கருப்பு. "போன வாரந்தானே வாஷர் மாத்தினேன்? அதுக்குள்ள என்ன ஒழுகல் உனக்கு? கொழுப்பு!" வண்டி பதில் பேசாததால் பானெட்டின்மேல் ஓர் அடி.

ஏழு பேர் தாராளமாக உட்காரும் வண்டி, இருபது வயதைத் தாண்டியது. அக்கா ஐந்தடிகூட இல்லை. தலையணை போட்டு உட்கார்ந்துதான் ஓட்டுவாள். சந்தில் எதிரே வருபவன் ஹாரன் அடித்தால் கண்ணாடியை இறக்கி, "உனக்கு மட்டுந்தான் அவசரமா? நாங்க என்ன காத்து வாங்கவா வந்திருக்கோம்?" என்பாள். அவன்தான் பின்னால் போவான்.

பிழைப்புக்குத் தையற்கடை. காலையில் கிரீஸ் படிந்த விரல்களைச் சர்க்கரையும் சோப்புத்தூளும் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் துணியைத் தொடமாட்டாள். கடைப் பழக்கம் வண்டிக்கும் வரும்: முடுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் தையல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுவாள். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டறைக்காரர் ஒருமுறை இதைப் பார்த்துச் சிரித்தார். "சிரிங்க, சிரிங்க. நீங்க முடுக்கினதுதான் மூணு கழண்டிருக்கு" என்றாள். அதோடு அந்தப் பட்டறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

யானையைக் கட்டித் தீனி போடுகிறாய், விற்றுத் தொலை என்று சொல்லாத ஆள் இல்லை. அதிலும் பக்கத்து வீட்டுக்காரர் தம்முடைய குட்டிக் காரைத் துடைத்துக்கொண்டே தினமும் சொல்வார். "உங்க கார்ல என் வீட்டுக்காரர் ஏறிக் காட்டட்டும், நாளைக்கே வித்துடறேன்" என்று அக்கா வேலியைத் தாண்டி ஒரு சத்தம் போட்டால் அவர் வாளியோடு உள்ளே போய்விடுவார்.

விஷயம் அதுதான். தொழிற்சாலை விபத்துக்குப் பிறகு அவள் கணவருக்கு இடுப்பும் முழங்காலும் பாதிக்குமேல் மடங்குவதில்லை. சின்னக் காரில் குனிந்து இறங்கி உட்கார முடியாது. ஒருமுறை வாடகைக் காரில் மூன்று பேர் சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே திணித்தார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. மறுவாரம் சதுரங்க மன்றத்துக்குக் கிளம்பச் சொன்னபோது, "இன்னொரு நாள் போய்க்கலாம்" என்றார். அந்த இன்னொரு நாள் வருவதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்து கோடையும் வந்துவிட்டது. மனிதர் வாசற்படியைத் தாண்டவில்லை.

அப்புறந்தான் அக்கா இந்தப் பழைய வண்டியைத் தேடிப் பிடித்தாள். இதன் முன் இருக்கை அவர் இடுப்புக்கு நேராக இருந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, அப்படியே சாய்ந்து உட்கார்ந்தால் போதும். யார் தயவும் வேண்டாம். திரும்புவதற்கு வசதியாக இருக்கைக்கு வழுக்கும் ரெக்சின் உறை தைத்தாள். உடைப்புக்குப் போன பேருந்திலிருந்து கைப்பிடிக் கம்பி ஒன்றைக் கேட்டு வாங்கி, கதவோரம் போல்ட் போட்டு மாட்டினாள். ஸ்பிரிங் களைத்து வண்டி ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். உட்காரும்போது அவர் உதட்டைக் கடிப்பார். "தாழ்ந்துபோச்சு, பாழாப்போன வண்டி தாழ்ந்துபோச்சு" என்று வீடு முழுக்கப் புலம்பிவிட்டு, அந்த வாரமே ஸ்பிரிங் மாற்றிவிடுவாள்.

இந்தப் புலம்பலைக் காதில் வாங்கியவன் அவள் தம்பி. வண்டி அலங்காரச் சாமான் கடை வைத்திருப்பவன். போன மாதம் அக்கா தன் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் மாமாவுக்குத் துணையாக வந்து தங்கினான். தங்கினவன் சும்மா இருக்கக் கூடாதா? அக்கா திரும்பி வந்த சனிக்கிழமை காலை, வண்டி எட்டடிக்கு எழும்பி நிற்பதுபோல் நின்றது. ஸ்பிரிங்குக்குமேல் இரும்புக் கட்டை. ஆள் தோள் பருமனுக்கு டயர். பளபளவென்று புதுச் சக்கரங்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

"எப்படி இருக்கு?" என்றான் தம்பி, பல்லெல்லாம் தெரிய. "நீதானே தாழ்ந்துபோச்சு தாழ்ந்துபோச்சுன்னு புலம்புவே? இனிமே ஜென்மத்துக்கும் தாழாது."

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புது டயரைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

கணவர் சலவைச் சட்டையோடு தயாராக நின்றார். அன்று மன்றத்தில் அவருக்கு ஆட்டம் இருந்தது. மைத்துனன் மனம் நோகக் கூடாதே என்று, "நல்லாத்தான் இருக்கு" என்றபடி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். இருக்கையின் விளிம்பு அவர் நடுமுதுகில் இடித்தது. கம்பியைப் பிடித்து ஓர் எம்பு எம்பினார். கால் வழுக்கியது. அக்கா பாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தூக்கி விடறேன் மாமா" என்று தம்பி இரண்டு கையையும் நீட்டினான்.

கணவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் துடைப்பதை நிறுத்தியிருந்தார். "வேண்டாம்பா. இன்னொரு நாள் போய்க்கலாம்" என்றார், ரொம்ப நிதானமாக. சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

வந்ததே கோபம் அக்காவுக்கு! "இன்னொரு நாளும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அங்கேயே நில்லுங்க!" அடுத்து தம்பி பக்கம் திரும்பினாள். "ஏன்டா, ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சா உன் கிரீடம் கீழே விழுந்துடுமா? அக்கறை இருந்தாப் போதுமா, அறிவு வேண்டாமா? வண்டி எதுக்கு இருக்குன்னே தெரியாம எவனாவது கை வைப்பானா? பழைய டயர் எங்கே?"

"எடைக்குப் போட்டுட்டேன்க்கா" என்றான் அவன், ஈனசுரத்தில். "ரெண்டு நாள் குடு. பழையபடி ஆக்கிடறேன்."

"ரெண்டு நாளா? இவர் இப்ப உள்ளே போனா ரெண்டு நாள்ல வெளியே வருவாரா? நகரு!"

சாவியைப் பிடுங்கி, தொற்றி ஏறி, வண்டியைக் கிளப்பினாள். வீட்டு மதிலுக்கும் சாலைக்கும் நடுவே, டயர் அகலத்துக்கு, ஆழமில்லாத மழைநீர்க் கால்வாய் காய்ந்து கிடந்தது. அக்கா நேராக அதை நோக்கித் திருப்பினாள்.

"அக்கா, பள்ளம்! பள்ளத்துல எறங்குது!" தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினான். வீட்டுப் பக்கத்து முன்சக்கரம் தொப்பென்று இறங்கியது, பின்சக்கரமும் இறங்கியது. பளபளத்த புதுச் சக்கரங்கள் கரைக்கல்லில் கிறீச்சிட்டுக்கொண்டே போக, வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தினாள்.

இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தாள். கரையில் நின்ற கணவருக்குப் பக்கத்தில் கதவை அகலத் திறந்தாள். ஒரு கையை அவர் இடுப்பில் வைத்தாள். அந்தக் கையை உயர்த்தாமல், தாழ்த்தாமல், அப்படியே நகர்த்திக்கொண்டு போய் இருக்கையின்மேல் வைத்தாள்.