கல்கிசைக்கு முப்பத்துநான்கு அனுமதிப் படிவங்கள்

“முப்பத்துநாலு பிள்ளையளை ரயிலில ஏத்தி இறக்க உங்களால ஏலாது, பிள்ளை. தோட்டத்தில இருந்து வந்தனீங்கள். உங்கட வீட்டில ஆரும் படிச்சவை இருக்கினமோ?”

கொட்டாஞ்சேனையில் நான் கற்பிக்கும் பாடசாலையின் ஆரம்பப் பிரிவுத் தலைவி இப்படிக் கேட்டது முதலாம் தவணையில். “அப்பா தோட்டத்து ஆபீசில கிளார்க், மிஸ்” என்றேன். அது பொய். அப்பா தேயிலை மலையில் செடிகளின் கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மா கொழுந்து பறிக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பாடசாலைக்குப் போன முதல் ஆள் நான்தான். பெருமையாகச் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் பொய் சொன்னேன்.

இரண்டாம் தவணையில் பயணத்துக்கு அனுமதி கிடைத்தது. தரம் மூன்றுக்குப் போக்குவரத்துப் பற்றிய பாடம். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கல்கிசை வரை கரையோர ரயில், ஏறக்குறையப் பன்னிரண்டு கிலோமீற்றர். கடற்கரையில் மதியச் சாப்பாடு, பிறகு திரும்புதல். பெற்றோரின் கையொப்பம் இல்லாத பிள்ளை பாடசாலையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

பயணத்துக்கு முதல் நாள் மாலை, வெள்ளவத்தையில் என் வாடகை அறையில் படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்துமூன்றில் பெரியவர்களின் கிறுக்கல்கள். ஒன்றில் மட்டும் ‘செல்வராணி’ என்று அம்மாவின் பெயரைப் பென்சிலால் எழுதி, அதன்மேல் பேனாவால் ஓட்டி, ரூலர் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தது. அது நிரோஷியின் படிவம். தலைப்புக்கு ரூலரால் அடிக்கோடு போடச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஐந்தாம் தரத்தில் நானும் அப்பாவின் பெயரை இப்படித்தான் எழுதினேன். ஆசிரியை படிவத்தை உயர்த்தி வகுப்புக்கே காட்டினார். மற்றவர்கள் நுவரெலியா போய் வரும்வரை வெறும் வகுப்பில் தனியே உட்கார்ந்திருந்தேன்.

பயண நாள் காலை 5.20. 155ஆம் இலக்க பஸ். காலி வீதியில் கடைகள் திறக்கவில்லை. கொச்சிக்கடையில் இறங்கும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. துறைமுகக் களஞ்சியங்களுக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே நடக்க முடியாத ஒழுங்கையில் நிரோஷியின் வீடு. அவளுடைய அம்மா ஒரு களஞ்சியத்தில் துப்புரவு வேலை செய்கிறார். ஆறரைக்குள் அங்கே நிற்க வேண்டும்.

“ஐயோ டீச்சர், இவ ஏதும் செஞ்சிட்டாளா?”

“ஒண்ணும் இல்லம்மா. படிவத்தில உங்க கையெழுத்து வேணும்.”

செல்வராணி ஈரக்கையைத் துடைத்தார். “எனக்குக் கைநாட்டுத்தான் டீச்சர். அத வச்சா மத்த புள்ளைங்க சிரிக்கும்னு இவதான் வேணாம்னா.”

புதிய படிவமும் இரண்டு பேனாக்களும் கொண்டுபோயிருந்தேன். கைநாட்டு வீட்டில் பிறந்த எனக்கு மை கொண்டுபோகத் தோன்றவில்லை. பேனாவால் பெருவிரலில் கிறுக்கி ஒற்றிப் பார்த்தோம், பிடிக்கவில்லை. செல்வராணி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கண்மை டப்பாவை எடுத்தார். விரலில் தடவி, தாளில் அழுத்தினார். ரேகைகள் அழகாக விழுந்தன.

“இது செல்லுமா டீச்சர்?”

“பேங்க்கிலயே செல்லுதேம்மா.”

ஒரு காலில் மட்டும் சப்பாத்துடன் கதவோரம் நின்ற நிரோஷி என்னைப் பார்க்கவேயில்லை.

7.30. பாடசாலை வாசல். பிரிவுத் தலைவி படிவத்தை வெளிச்சத்தில் பிடித்தார். “இதென்ன, கண்மையோ?”

“ஆமா மிஸ். அம்மாட பெருவிரல். சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“ஏதும் நடந்தா நீங்கள்தான் பதில் சொல்லோணும்.”

“சொல்றேன் மிஸ்.”

8.45. கோட்டை. துணைக்குப் பிரிவுத் தலைவியும் வேறு சில ஆசிரியைகளும் வந்தார்கள். அலுவலகக் கூட்டம் இறங்கிய பின் தெற்கே போகும் பெட்டிகளில் இடம் தாராளம். பிள்ளைகள் கையில் நிலையங்களின் பட்டியல். பெயர்ப்பலகை வர வர அடையாளமிட வேண்டும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வலப்புறம் முழுக்கக் கடல். ஒரு கூச்சல் எழுந்தது, பட்டியலை மறந்துவிட்டார்கள். துறைமுகத்தின் மதிலோரம் வளரும் பிள்ளைகளில் பலர் கடலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கடலைக்காரர் ஏறினார். பொட்டலம் ஐம்பது ரூபாய். யாரோ பரீட்சை எழுதிய தாளில் சுற்றியிருந்தார்.

“டீச்சர், இவனுக்கு நாலு மார்க்ஸ்தான்!” என்றான் ஷிபான்.

“யாருக்கு?”

“பேரைக் காணல்ல. வெக்கத்தில கிழிச்சிட்டான் போல!”

பெட்டியே சிரித்தது. நிரோஷி சிரிக்கவில்லை. யன்னலோடு ஒட்டியிருந்தாள். நான் அவளுக்கு உதவி செய்ததாக நினைத்திருந்தேன். அவளுக்கோ நான் அவள் வீட்டைப் பார்த்துவிட்டவள்.

11.30. கல்கிசைக் கடற்கரை. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சோற்றுப் பார்சல்களை அவிழ்த்தார்கள். ஆசிரியைகள் வேறொரு வட்டம். சம்பலும் பொரியலும் கைமாறின. விடிய முன் புறப்பட்ட நான் பார்சல் கட்டவில்லை. பசியில்லை என்று சொல்லி, அலைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்று தலைகளை எண்ணினேன். நிரோஷி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

1.10. திரும்பும் ரயில் வெள்ளவத்தையில் சற்று அதிக நேரம் நின்றது. ஷிபான்தான் தொடங்கினான். “டீச்சர், உங்கட வீடு இங்கதானே?”

“அந்தா, நீல யன்னல் தெரியுது பார்.”

“வீட்டில யார் இருக்காங்க?”

“நான்தான்.”

“அப்ப யாரோட கதைப்பீங்க?”

“உங்களோடதான் நாள் முழுக்கக் கதைக்கிறேனே.”

“ஸ்கூல் விட்டாப் பிறகு?”

நிலையங்களின் பட்டியலைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தேன். அவன் விடவில்லை. “உங்கட உம்மாவும் டீச்சரா?”

பிரிவுத் தலைவி எதிர் ஆசனத்தில் இருந்தார். நிரோஷி யன்னலிலிருந்து தலையைத் திருப்பவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இல்ல. எங்கம்மா கொழுந்து பறிக்கிறாங்க. அப்பா கவ்வாத்து வெட்டுறாங்க. ரெண்டு பேருக்கும் எழுதத் தெரியாது. கைநாட்டுத்தான்.”

“கண்மையிலயா?” காலையிலிருந்து நிரோஷி என்னிடம் பேசிய முதல் சொல்.

“இல்ல, ஊதா மை. ரெண்டு நாளைக்கு விரல்லயே இருக்கும்.”

அவள் யோசித்தாள். “எங்கம்மாடது கழுவினாப் போயிடும்” என்றாள், கொஞ்சம் உயர்வாகவே.

கோட்டையில் இறங்கும்போது பிரிவுத் தலைவி என் பக்கத்தில் வந்தார். “கிளார்க் எண்டு சொன்னனீங்கள்.”

“பொய் சொன்னேன் மிஸ்.”

அவர் கைப்பையைத் தோளில் ஏற்றினார். “முப்பத்துநாலும் இருக்கோ எண்டு பாருங்கோ” என்றார். எண்ணினேன். இருந்தார்கள். எல்லாரும் இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் திரும்பியபோது அவர் மற்ற ஆசிரியைகளோடு முன்னே நடந்துவிட்டார்.

மாலை மறுபடி 155. அறைக்கு வந்து யன்னலைத் திறந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் போயின. இரண்டு வருடமாக அந்த ரயில்களில் யாருக்கும் என் யன்னல் எதுவென்று தெரியாது. இப்போது முப்பத்துநான்கு பேருக்குத் தெரியும். அப்படியும் அறை அமைதியாகத்தான் இருந்தது.

மூன்றாம் தவணையில், பிள்ளைகள் பொருள்களை விற்றுப் பழகும் சிறுவர் சந்தை. அதற்கான படிவத்தில் கையொப்பக் கோட்டுக்குப் பக்கத்தில் பெருவிரல் கொள்ளும் ஒரு பெட்டி வரைந்தேன். காலி வீதியில் ஊதா மைப்பெட்டி ஒன்று வாங்கி வகுப்பு மேசையில் வைத்தேன். முப்பத்துநான்கு பிரதிகளும் வெள்ளிக்கிழமையே பிள்ளைகளின் கொப்பிகளுக்குள் வீட்டுக்குப் போய்விட்டன. மைப்பெட்டி மட்டும் மேசையில் கிடந்தது.