முடிவைச் சொல்லக் கூடாத ஊரில்

சந்தியில் வாகனத்தை மறிக்கும் பொலிஸ்காரரைப் போல பிரெண்டா என் முகத்துக்கு நேரே கையை உயர்த்தினார். நான் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். எங்கள் நூலக வாசிப்பு வட்டம் வியாழன் பின்னேரங்களில் கூடும். அந்த மாதத்துத் துப்பறியும் நாவலைப் பற்றி எல்லோரும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பல் வைத்தியர்தானே கொன்றவர், எனக்கு நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது" என்றேன். இரண்டு பேர் இன்னும் வாசித்து முடிக்கவில்லையாம். அதில் ஒருவர் காதையே பொத்திக்கொண்டார். "ஸ்பொயிலர் வேண்டாம், பிளீஸ்" என்றார் பிரெண்டா. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வட்டத்தின் தலைவி. நான் இந்த இங்கிலாந்துச் சிற்றூருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. வயதைக் கேட்கக் கூடாது, சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதெல்லாம் பழகிவிட்டது. கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் இன்னும் என் நாக்குக்கு ஏறவில்லை.

எப்படி ஏறும்? இலங்கையின் கரையோரக் கற்பிட்டியில் என் அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, கதை கேட்க உட்காரும்போது முதல் கேள்வியே முடிவைப் பற்றித்தான். "முடிவு நல்லமா? யாரு மௌத்தாகுற? அதச் சொல்லிட்டுத் தொடங்கு." யார் சாகிறார், யார் பிழைக்கிறார் என்று தெரிந்தால்தான் நிம்மதியாகக் கேட்கலாம் என்பது அவள் கட்சி. சின்ன வயதில் பள்ளிக்கூட நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் புத்தகங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை. பாடசாலைச் சமையலறையில் வேலை முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது, வாசித்த நாவலைத் தமிழில் சொல்லிப் பதிந்து, வொய்ஸ் கட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மறுநாள் காலை ராத்தாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேரும் வெங்காயத் தாள் நறுக்கும் கொட்டிலில், கவிழ்த்த கூடையின் மேல் போனை வைத்துவிட்டுக் கேட்பார்கள். பிறகு எனக்குத் தீர்ப்பு வரும். பெரும்பாலும் எழுத்தாளருக்கு எதிரான தீர்ப்புத்தான்.

அந்தத் தீர்ப்புகளோடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. இப்போது வருகிற மாயாஜால நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், வாயில் நுழையாத ராச்சியப் பெயர்கள், தான் இளவரசி என்று தெரியாத ஓர் அநாதைப் பெண். அறுநூறு பக்கத்துக்குப் படை நடக்கிறது. உப்பிட்ட இறைச்சியைத் தின்றுகொண்டே நடக்கிறது. அந்த உப்பை யார் விளைவித்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. புத்தளத்து உப்பளத்தில் வெயிலில் ஒரு நாள் நின்ற எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். எழுதியவருக்கு வரவில்லை. சரி போகட்டும் என்று வாசித்தால் கடைசிப் பக்கத்தில் கதை முடிவதில்லை, அடுத்த பாகம் வருமாம். ஒரு தொடரில் எனக்கும் ராத்தாவுக்கும் பிடித்த ஒரே ஆள் ஒரு கப்பல் சுக்கான்காரன். அந்த ஆயிரத்து இருநூறு பக்கத்தில் உருப்படியாக ஒரு வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில் அவனைக் கடலில் தள்ளிவிட்டு எழுத்தாளர் மூன்று வருடம் ஓய்வெடுக்கப் போய்விட்டார். "அவன் இரிக்கிறானா, இல்லையா?" என்று ராத்தா மாதத்துக்கு ஒரு தடவை கேட்பாள். எழுதியவருக்கே தெரியாது என்பேன். நான் அவளுக்குச் சொன்ன நேர்மையான பதில் அது ஒன்றுதானோ என்னவோ. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

விஞ்ஞானக் கதைகள் இன்னொரு வகை எரிச்சல். கடல் உயர்கிறது, கரையோரம் மூழ்குகிறது, விஞ்ஞானியும் அவர் மகளும் தப்பிக்கிறார்கள். கரையில் இருந்தவர்கள்? அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாக அழுகிறார்கள், ஒருவருக்கும் பெயர் கிடையாது. தொண்ணூறில், யுத்தத்தில், மன்னார் முஸ்லிம்களை விரட்டியபோது வந்த ஒரு பிள்ளை எங்கள் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்த முதல் நாள் அவள் அழவில்லை. என் பென்சில் மட்டமானது என்று சொல்லிச் சண்டை பிடித்தாள். பெயர் பரீதா. இப்போது புத்தளத்தில் சொந்தமாகத் தையற்கடை வைத்திருக்கிறாள். எந்த நாவலிலாவது ஓர் அகதி வந்திறங்கிய அன்றே பென்சிலைக் குறை சொல்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வாசிப்பு வட்டத்தில் இதைச் சொல்ல வாயெடுத்து, நான் கற்பிட்டிக் கடற்கரைக்காரி என்று தொடங்கினேன். "ஓ, கைட் சர்ஃபிங்" என்று பிரெண்டாவின் முகம் மலர்ந்தது. அவருடைய மருமகன் அங்கே போய், காற்றாடியைப் பிடித்துக்கொண்டு அலையில் சறுக்கி வந்திருக்கிறாராம். "நல்ல காற்று இல்லையா? நீங்களும் நன்றாகச் செய்வீர்களாயிருக்கும்." எங்கள் ஊரில் அந்தக் காற்றுக்குக் கருவாடு காய வைப்போம் என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்தார். பரீதாவின் பென்சில் அப்படியே வாய்க்குள் நின்றுவிட்டது.

இனி அந்தப் பல் வைத்தியர். கதை வடக்கே ஒரு குளிர்த் துறைமுகத்தில் நடக்கிறது. மீன்பிடிக்கப் போன ஒருவன் திரும்பவில்லை. வாரங்கள் கழித்துக் கரையொதுங்கிய உடலைப் பல்லை வைத்து அடையாளம் சொல்பவரே கொலைகாரர். துப்பறியும் நாவல்களில் கடல் ரொம்பவும் ஒழுங்கானது, அத்தியாயம் முடியும் இடத்தில் சரியாக உடலைக் கொண்டுவந்து போடும். எங்கள் கடல் அப்படியில்லை. என் மச்சானை, ராத்தாவின் புருஷனை, அது ஆறு நாள் வைத்திருந்துதான் தந்தது. நான் இங்கே வந்து இரண்டாம் வருடம் அது. ஜனாஸா அடக்கத்துக்குப் போக எனக்கு விசா அலுவல் சரிவரவில்லை. கணவனுக்காக வீட்டோடு இத்தா இருந்த ராத்தாவுக்கு நான் செய்ய முடிந்தது கதை அனுப்புவது ஒன்றுதான்.

அங்கேதான் என் களவு தொடங்கியது. கதையில் ஒருவன் கடலில் செத்தால் அவனைக் கரையேற்றிவிடுவேன். முடிவை முதலில் கேட்பவளுக்கு எந்த முடிவைச் சொல்வது? ஒரு கப்பல் தலைவனை மரக்கட்டையைப் பிடிக்க வைத்தேன், ஒரு விண்வெளிக்காரனைக்கூட வேறொரு கலத்தில் ஏற்றிவிட்டேன். பல் வைத்தியர் நாவலில், கரையொதுங்கிய உடல் வேறொருவனுடையது, வைத்தியர் பொய் சொன்னார், மீனவன் இன்னொரு துறைமுகத்தில் நினைவு தப்பி உயிரோடு இருக்கிறான் என்று சொன்னேன். நினைவு தப்பும் கதைகளைக் கண்டால் எனக்கு ஆகாது. வட்டத்தில் அப்படியொரு நாவலைக் கிழித்துத் தொங்கவிட்டவள் நான். ஆனாலும் ராத்தாவுக்கு அதையே சொன்னேன். "நல்ல முடிவு" என்று கொட்டிலிலிருந்து தீர்ப்பு வந்தது.

ராத்தாவின் மகள் சஹ்னா ஆங்கில ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறாள். அவளுடைய கல்லூரி நூலகத்துக்கு அந்த நாவல் வந்து சேரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. உம்மாவுக்குப் பிடித்த கதையாயிற்றே என்று எடுத்துப்போய், கொட்டிலில் எல்லோருக்கும் முன்னால் கடைசி அத்தியாயத்தை வாசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். அன்று எனக்கு வந்த வொய்ஸ் கட் நாற்பது செக்கன். ராத்தா சத்தம் போடவில்லை.

"அவர் மௌத்தானது எனக்குத் தெரியும் புள்ள. நான்தான் மையத்தப் பாத்த. நாலு மாசம் பத்து நாள் இத்தாவும் இருந்து முடிச்ச. கதைக்குள்ள பூந்து நீ எனக்கு மறைக்கத் தேவல்ல. இந்த ஏழு வருஷமா எத்தின பேர இப்புடி உசிரோட கொண்டு வந்த நீ? இனி நீ சொல்ற எத நான் நம்புற?"

பதிலுக்கு மூன்று தடவை பேசி மூன்றையும் அழித்தேன். நாலாவதாக, மாற்றிய கதைகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி உண்மையான முடிவுகளை அனுப்பினேன். ஒரே பின்னேரத்தில் பதினொரு பேரைக் கடலில் போட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நான் அழுவதைப் பார்த்து ஒரு டிஷ்யூ தந்துவிட்டு வேறு இருக்கைக்குப் போய்விட்டார். ராத்தா எல்லாவற்றையும் கேட்டதாக நீலக் கோடு காட்டியது. இரண்டரை மாதம் கற்பிட்டியிலிருந்து ஒரு தீர்ப்பும் வரவில்லை. வாசித்ததைச் சொல்ல ஆளில்லாமல் வாசிப்பது உப்பில்லாத கஞ்சி குடிப்பது போல இருந்தது. அந்த நாட்களில் வட்டத்தில் நான் எல்லா நாவலையும் திட்டினேன். பிரெண்டா எனக்கு இரண்டு பிஸ்கட் கூடுதலாக வைத்தார்.

அப்போதுதான் அந்த மாயாஜாலத் தொடரின் மூன்றாம் பாகம் வெளிவந்தது. நூலகத்தில் என் முறை வரப் இரண்டு பேர் முன்னால் நின்றார்கள். என் முறை வந்து, நான் புத்தகத்தை எடுத்து நானூறு பக்கம் தாண்டியும் சுக்கான்காரன் தண்ணீரில்தான் கிடந்தான். கடைசி அத்தியாயத்துக்கு முப்பது பக்கம் இருக்கையில், பஸ்ஸில், போன் அதிர்ந்தது. ராத்தா.

"சஹ்னாட டீச்சர் அந்தப் புத்தகத்த வாங்கி இரிக்கிறா. இவள் எனக்கு முழுசாச் சொல்லிட்டாள். நீ கேக்கல்ல, எண்டாலும் சொல்றன். சுக்கான்காரன் வந்துட்டான். ஒரு கை இல்லாமத்தான் வந்தான். பொஞ்சாதி ஒண்டும் கேக்கல்ல, கஞ்சி காச்சிக் குடுத்தாள், தேங்காச் சம்பலோட." பின்னால் சஹ்னா சிரிக்கும் சத்தம் கேட்டது. "இது புத்தகத்துல உள்ளதா நான் போட்டதா எண்டு உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும். வேணுமெண்டா நீயே படிச்சுப் பாத்துக்க."

கஞ்சியும் தேங்காய்ச் சம்பலும். அந்த ராச்சியத்தின் வரைபடத்தில் தேங்காய் விளையும் ஊர் ஒன்றும் கிடையாது. மடியில் புத்தகம் திறந்திருந்தது. பக்கத்தைப் புரட்ட ஒரு விரல் போதும். புரட்டினால் ராத்தாவின் வார்த்தையைச் சோதித்துப் பார்த்ததாகிவிடும். ஏழு வருடம் அவள் என்னைச் சோதிக்கவில்லை.

வியாழக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த முறைக்காரி பிரெண்டாதான். என்னைக் கண்டதும் முன்கூட்டியே கையை உயர்த்தினார். "முடிவைச் சொல்லிவிடாதீர்கள்."

"எனக்குத் தெரியாது. நான் வாசித்து முடிக்கவில்லை" என்றேன்.

அவர் என்னை நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். புத்தகத்தை அவர் கையில் கொடுக்கும்போது நான் வைத்த பஸ் டிக்கட் இன்னும் அந்த முப்பது பக்கத்துக்கு முன்னால்தான் செருகியிருந்தது. எங்கள் ஊரில் சுக்கான்காரன் கரையேறிக் கஞ்சியும் குடித்துவிட்டான். இங்கே அவன் இன்னும் தண்ணீரில் கிடக்கிறான்.