விரிசல் ஜாடியில் ஒரு கள்ளி

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் உடைசல் பீங்கானுக்கு வராது. சூளைகளுக்குப் பின்னால் விரிசல் விட்டது, கோணிப்போனது, மெருகு பொங்கியது என்று குவிந்து கிடக்கும். என் கள்ளிச் செடிகளுக்கு அதைவிடத் தோதான தொட்டி கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கள்ளிகள்; வேரில் தண்ணீர் தங்கினால் அழுகிவிடும். அடியில் விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியில் வைத்தால், ஊற்றின தண்ணீர் தானாகக் கசிந்து போய்விடும். இது புரியாத ஒரே மனிதர் இந்த ஊரில் இருந்தார். அவருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் செக்கிங் பொறுப்பாளர். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு ஜாடியையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் தேறியது. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல் என்று அர்த்தம். அங்கேயே போட்டு உடைத்துவிட வேண்டும், அது அவரே போட்ட சட்டம். கல்யாணப் பந்தியில் ஊறுகாய் ஜாடியைத் தட்டிப் பார்த்து என் மானத்தை வாங்கியவர் அவர்.

“நான் அங்க ஒடைச்சுப் போடற மாதிரி ஜாடிய நீ வூட்டு வாசல்ல வரிசையா வெக்கிற. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

“செடிக்குத் தண்ணி எறங்கணுங்க.”

“ஜாடின்னா தண்ணி எறங்கக் கூடாது.”

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். போதாததற்குப் பக்கத்து வீட்டு அம்மா வேறு. “இந்தக் கள்ளிய வாசப்படிக்கு மேல தலகீழாத் தொங்க வுடுங்க டீச்சர், திருஷ்டி கழியும்” என்று நாள் தவறாமல் யோசனை சொல்வார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை பெங்களூருக்குச் சுற்றுலா கூட்டிப்போனபோது வாங்கி, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த கள்ளி ஒன்று இருந்தது. உருண்டையாக, உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. பூக்கும் பூக்கும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். ஒரு மாசி மாதம் அதன் தலையில் சிவப்புப் பொட்டுகளாக மொட்டுகள் எட்டிப் பார்த்தன. பள்ளிக்கூடம் கிளம்புமுன் அதைப் பார்க்காமல் ஒரு நாளும் போனதில்லை.

அந்தச் சமயம் பார்த்து அவருடைய மேலதிகாரி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் பள்ளிவிட்டு வருகிறேன், வாசலில் என் செடிகளெல்லாம் புத்தம் புது வெள்ளை ஜாடிகளில் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன. பழைய ஜாடிகள் கொல்லையில் சில்லுச் சில்லாகக் கிடக்கின்றன. “எல்லாம் ஃபர்ஸ்ட் குவாலிட்டி, தட்டிப் பாரு. தண்ணியும் நல்லா ஊத்தியிருக்கேன்” என்றார், பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு. அதிகாரி உள்ளே இருந்ததால் என்னால் கத்தக்கூட முடியவில்லை. அவரும் போகும்போது ஜாடிகளைத்தான் புகழ்ந்தார்.

மறுநாளே செடிகளைப் பிடுங்கி உலர்த்தினேன். மற்றவை பிழைத்தன. பெங்களூர்க் கள்ளியின் அடிப்பாகம் மட்டும் வேகவைத்த கத்தரிக்காயாகக் கொழகொழத்துவிட்டது. அழுகலை அறுத்துப் போட்டு, மேல் பாதியைக் காய்ந்த ஓட்டின்மேல் வைத்தேன். மொட்டுகள் ஒவ்வொன்றாக வாடி உதிர்ந்தன. ஒரு கள்ளிக்காக அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவர் அரண்டுபோனார். “நான் ஓட்ட போட்ட ஜாடியே செஞ்சு எடுத்தாரேன், அழாத” என்றார். சொன்னபடி அடியில் துளையோடு ஒன்று செய்யச் சொல்லிச் சூளைக்கும் அனுப்பினார். வெந்து வந்ததும் அவருக்குக் கீழே வேலை பார்த்த செக்கிங் ஆள் எடுத்துப் பார்த்தான். ஓட்டை. போட்டு உடைத்துவிட்டான். இன்னொன்று செய்தார், அவர் சாப்பிடப் போன நேரத்தில் அதையும் உடைத்துவிட்டான்.

“சொல்லி வெக்கக் கூடாதாங்க?”

“ஓட்ட ஜாடிய பாஸ் பண்ணுன்னு நான் எந்த வாயால சொல்றது?”

இந்த மனிதரோடு எப்படித்தான் குடித்தனம் செய்வது? கடைசியில் ஒருநாள் மஞ்சள் பையில் எதையோ பேப்பர் சுற்றித் திருட்டுச் சாமான் போலக் கொண்டுவந்து வைத்தார். கம்பெனிக் குவியலில் உடையாமல் தப்பிக் கிடந்த ஜாடி. அடியிலிருந்து கழுத்துவரை விரிசல். இதற்கிடையில் ஓட்டின்மேல் வைத்த கள்ளியும் வேர்விட்டிருந்தது. நட்டேன்.

மறுபடி சில வருஷங்கள். எழுபதுகள் பிறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், வெயில் படுகிற பக்கமாக ரோஜா நிறத்தில் ஒரே ஒரு பூ விரிந்தது. கைவேலையைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தார், குனிந்தார், ஜாடியைத் தட்டினார்.

“விரிசலு நல்லாத் தெரியுது. திருப்பி வெய்யி.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அசையாததைப் பார்த்து அவரே ஜாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். விரிசல் மறைந்தது. பூவும் மறைந்தது. கொஞ்ச நேரம் வெறும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பழையபடி திருப்பி வைத்தார்.

“யாராச்சும் கேட்டா, இது எங்க கம்பெனி ஜாடி இல்லன்னு சொல்லிடு” என்றார்.