எந்தப் பேட்டரி என்றாலும் சரி

லிஃப்ட் மெக்கானிக் தலையில் மாட்டும் டார்ச்சில் மூன்று வகைப் பேட்டரியில் எதையாவது ஒன்றைப் போட்டால் போதும்: பென்சில் பேட்டரி, அதைவிட ஒல்லியானது, சார்ஜ் போடுவது. அதை வாங்கிய பதினோரு வருடத்தில் அவர் ஒரு பேட்டரிகூட வாங்கியதில்லை. வேலைக்குப் போகிற இடத்தில் கேட்பார். "எது இருந்தாலும் குடுங்க. நம்ம டார்ச்சு மூஞ்சி சுளிக்காது."

அன்று காலை பத்து மணிக்கு, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் கரண்ட் போனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் லிஃப்டோடு மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். மெக்கானிக்கின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, வேறு கம்பெனிக்குக் கொடுப்பதா என்று பதினொரு மணிக் கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

மெக்கானிக் ஓடி வந்தார். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஜன்னல் கிடையாது. டார்ச் எரியவில்லை. லிஃப்டை ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவர, ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். செல்போனை வாயில் கவ்விப் பார்த்தார். உதடு பட்டு அது செயலாளருக்கே போன் போட்டது.

"என்னய்யா, ஆச்சா?"

வாய் நிறைய செல்போன் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

இறங்கி வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார். எல்லோரும் தாராளமாகக் கொடுத்தார்கள். மூன்று வகையிலுமாக ஒன்பது பேட்டரி சேர்ந்தது. ஒன்றிலும் உயிர் இல்லை. தீர்ந்த பேட்டரியைக் கழற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று டிராயரில் போட்டு வைப்பதில் மட்டும் அந்தக் கட்டடம் முழுக்க ஒற்றுமை.

கடைசியாகச் செயலாளர் வீடு. அவர் மனைவி டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இதுல இருக்கறது நல்லா ஓடுது தம்பி. எடுத்தா அவர் கத்துவாரே."

"கத்தறதுக்காவது அவர் வெளிய வரணுமேம்மா."

"அப்படி ஒண்ணும் அவசரம் இல்ல. மெதுவாவே பண்ணுங்க" என்று ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார்.

பத்து ஐம்பதுக்குச் செயலாளர் வெளியே வந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குப் போனார். ஒப்பந்தம் மெக்கானிக்குக்கே கிடைத்தது, ஒரு வரி கூடுதலாக: இனி பேட்டரியை அவரே வாங்கி வர வேண்டும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, ரிமோட் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிரில் இருந்த கடைக்குப் போனார்.

"பேட்டரி ஒண்ணு குடுப்பா."

"எந்த பேட்டரிண்ணே?"

மெக்கானிக் டார்ச்சைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுவா இருந்தாலும் சரி."

"அப்படி ஒண்ணு வர்றதில்லண்ணே" என்றார் கடைக்காரர்.